தக்காளித் தோட்டத்தில் பதின்மூன்று கேள்விகள்

ஒரு காட்டில் ஒரு மயில் இருந்தது. தொழிலாளர் உரிமைகளில் பெரிய நிபுணர். அந்த மயில் நான்தான் என்பதால் கதையில் தோகை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காட்டின் கிழக்கே பன்றியாரின் தக்காளித் தோட்டம். முயல்கள் குனிந்து பழம் பறித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வரிசையில் பூச்சிமருந்து அடிப்பது அவர் வழக்கம். பறிப்பை நிறுத்தினால் நாள் வீணாகுமாம். மூத்த முயல் பூவாத்தாளுக்கு அப்படித்தான் ஒரு கண் மங்கிப்போனது. இப்போது மற்ற கண்ணும் எரியத் தொடங்கியிருந்தது.

செய்தி கேட்டுக் கொதித்துப்போனேன். கொதித்த கையோடு பதின்மூன்று கேள்விகள் கொண்ட படிவம் தயாரித்தேன். அதற்கு இரண்டு மாதம் பிடித்தது.

விசாரணைக்கு நிழல் வேண்டுமே என்று பன்றியார் தன் மோட்டார் கொட்டகையைத் தந்தார். நாற்காலி தந்தார், இளநீர் தந்தார். துணைக்கு அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். முதலாளியால் ஏதேனும் துன்பம் உண்டா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். எவ்வளவு ஒளிவுமறைவில்லாத விசாரணை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பூவாத்தாள் மட்டும் படிவத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதை எழுதிக் குடுத்தா மருந்து அடிக்கறது நிக்குங்களா?"

"நிக்காதுங்கம்மா. ஆனா பதிவாகும்."

படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மருந்து மெஷின் சத்தம் கேட்டதும் கூடையை வைத்துவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தாள். பறிக்கிற நாளில் மருந்து இல்லை என்று சொல்லும்வரை எழுந்திருப்பதில்லை என்றாள். ஒவ்வொருவராக மற்ற முயல்களும் வந்து உட்கார்ந்தார்கள். பன்றியார் மிரட்டினார், பிறகு கெஞ்சினார். சந்தை லாரி இரண்டு நாள் காலியாகத் திரும்பியது. பழம் செடியிலேயே வெடித்தது. மூன்றாம் நாள் ஒத்துக்கொண்டார்.

பூவாத்தாளுக்கு மங்கிய கண் மங்கியதுதான். மற்றது தப்பித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தோடுதான் அறிக்கை எழுதினேன்: 'படிவத்தின் தாக்கத்தால் மூன்றே நாளில் மாற்றம்.' மாநாட்டில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பன்றியாருக்கு முன்மாதிரி முதலாளி என்று கேடயம் தந்தார்கள். பூவாத்தாளையும் அழைக்கத்தான் நினைத்தோம். அன்று அவளுக்குப் பறிப்பு இருந்தது.

நீதி: கொடுமை ஒழிய வரப்பில் உட்கார்ந்தால் போதும். ஆனால் அதற்குப் பொன்னாடை கிடையாது. ஆகவே பிள்ளைகளே, படிவம் தயாரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.