மாதிரி வீடு

போன வாரம் இல்லாத வாஷிங் மெஷின் ஒன்று, பொட்டு வைக்காத குறையாகப் பொன்னுச்சாமி வீட்டு நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் வர வழியில்லை, போகவும் வழியில்லை. அதன் தோளை ஒட்டி ஒரு ஃபிரிட்ஜ்.

வசந்தகுமாருக்குத் திக்கென்றது.

"என்னண்ணே இது? போன வாரம் ரெண்டு ஃபேனும் டிவியுந்தான இருந்துச்சு?"

"காலத்துக்குத் தக்கன வேணும்ல" என்றார் பொன்னுச்சாமி. புதுவேட்டி மொடமொடத்தது.

"இன்னமும் வாங்குவோம்ணே. எல்லாத்தையும் நல்லாப் பாத்துக்கங்க" என்றாள் சோணையம்மாள், அடுப்படியிலிருந்தே.

பார்ப்பதுதான் வசந்தகுமாரின் வேலை. இன்னும் பத்திருபது வருஷத்தில் கிராமத்து வீடுகளுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும், அதனால் எவ்வளவு புகை வானத்துக்குப் போகும் என்று கணக்கிடும் ஆய்வு நிறுவனம் ஒன்றில், ராமநாதபுரத்தில் அவருக்கு உத்தியோகம். வட்டாரத்துக்கு ஒரு மாதிரி வீட்டைப் பிடித்து அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். கமுதிப் பக்கத்து எண் நம்பும்படி இல்லையென்று மேலிடம் அறிக்கையை ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டது. இன்னொரு முறை திரும்பினால் அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

நல்ல வீடு அமையாமல் அவர் திண்டாடியபோது கைகொடுத்தவள் மனைவி பூமயில்.

"எனக்குத் தெரிஞ்ச சனம் அங்கன இருக்கு. நீங்க வீடு பாக்க வாரீகன்னு நான் சொல்லி வச்சிர்றேன். ஆனா நம்ம மக ஜோதிகா விஷயமும் பேசணும்ங்க. புள்ள என்ன நெனைக்கிறான்னா..."

"ரிப்போர்ட்டு முடியட்டும் பூமயிலு. அதுவரைக்கும் வேற எதுவும் என் காதுல ஏறாது."

ஏறாத காதோடுதான் அவர் இந்த வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்.

சோணையம்மாள் ஃபிரிட்ஜிலிருந்து குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தாள். செம்பில் 'செவ்வந்தி' என்று பெயர் வெட்டியிருந்தது. யாரோ நாத்தனார் சீராகத் தந்ததாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு குடித்தார்.

"அண்ணே, ஒரு விசேஷத்துக்கு நாலு லைட்டு கூடப் போட்டா, இருக்குற மின்சார ஆலையே கொஞ்சம் கூட எரிச்சுச் சமாளிச்சிரும். ஆனா வருஷக்கணக்கா நிலைச்சு நிக்கிற தேவைன்னா, அதுக்குன்னு புதுசா ஆலை கட்டணும். அது நிலக்கரியா, இந்தா உங்க ஊருப் பக்கம் இருக்குற மாதிரி சோலாரா, அதப் பொறுத்துத்தான் புகைக்கணக்கு. அதனால எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். இந்த வீட்டுல நிரந்தரமா என்ன கூடப்போகுது?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அத நீங்கதேன் வாய் தொறந்து சொல்லணும்" என்றாள் சோணையம்மாள், முந்தானையை இழுத்துச் செருகியபடி.

ஆய்வாளர் யோசனை சொல்லக்கூடாது. ஆனால் அந்த வாஷிங் மெஷினைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"எளிமையா இருந்தாப் போதும்ணே. ஆடம்பரம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்தால், வெயிலில் நின்ற அவருடைய வண்டியின் இருக்கைமேல் நனைத்த சாக்கு ஒன்று விரித்திருந்தது.

"சீட்டு சுடுமேன்னு போட்டேன்" என்றான் அந்த வீட்டு மகன் மாரீஸ்வரன். மிளகாய்க் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான்.

யாரோ ஒருவருடைய வண்டி வெயிலில் நிற்பதை நினைத்துப் பார்க்க ஒரு மனசு வேண்டும். அதைக் கடையில் வாங்க முடியாது. ஆண்டவன் கொடுத்தால்தான் உண்டு.

அடுத்த முறை போனபோது கூடம் வெறிச்சென்றிருந்தது. மெஷின் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. டிவியின்மேல் வேட்டி போர்த்தியிருந்தது. சோணையம்மாள் அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். பொன்னுச்சாமி ஓலை விசிறியால் வசந்தகுமாருக்கு விசிறத் தொடங்கினார்.

"ஃபேனு போடலையாண்ணே?"

"எதுக்கு வீணா? நாங்க எளிமையான சனம்ணே."

வசந்தகுமாரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. போன வாரம் கணக்குத்தாளில் மலையாக ஏறிய கோடு, இந்த வாரம் கிணற்றில் விழுந்துவிட்டது. இதை எந்த மேலிடம் நம்பும்?

"இல்லண்ணே, அப்பிடியும் இருக்கக்கூடாது. மனுசன்னா ஒரு வசதி வேணும்ல. காத்து கட்டாயம் வேணும்" என்றார், வியர்வையைத் துடைத்தபடி.

மாடியில் மாரீஸ்வரன் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. "ஆமா, இன்னைக்கும் கரண்டப் பத்தித்தேன் கேட்டாக... ஏய், நீ சிரிக்காத."

வீட்டுக்கு வந்ததும் பூமயில் கேட்டாள். "வீட்டு ஆளுக எப்பிடி?"

"தங்கமான சனம். அந்தப் பயலும் நல்ல பய. கணக்குதான் உதைக்குது."

"அது கெடக்குது" என்று சொல்லிவிட்டு, அவள் பூஜை அறையில் அன்று ஒரு விளக்குக் கூடுதலாக ஏற்றினாள். ஏனென்று அவர் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் அவர் படியேறியதும் புயலடித்தது. மேலே ஃபேன், இடப்பக்கம் டேபிள் ஃபேன், எதிரே பீரோ உயரத்துக்கு ஓர் ஏர்கூலர். மூன்றும் அவரையே குறிவைத்திருந்தன. கையிலிருந்த தாள்கள் பறந்து சாமி படத்தில் ஒட்டிக்கொண்டன.

"காத்து போதுமாண்ணே?" என்று பொன்னுச்சாமி இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"போதும்! போதும்!"

"என்னது, இன்னமும் வேணுமா? ஏலே, அத இன்னங் கொஞ்சம் கூட்டி வையி!"

மாரீஸ்வரன் திருகினான். 'டப்' என்றது. ஏர்கூலரின் முதுகில் ஒரு கீற்றுப் புகை எழுந்தது. கூடம் அமைதியானது. இத்தனை வருஷமாகத் தாளில் மட்டுமே கணக்கிட்டுவந்த புகையை வசந்தகுமார் அன்றுதான் கண்ணால் பார்த்தார்.

மாரீஸ்வரன் ஏணியைப் போட்டு ஃபியூஸைப் பார்க்க ஏறினான். வாசலில் ஒரு பெண்மணி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ஏ மதினி, என் ஏர்கூலரப் பொசுக்கிட்டீகளா?"

"கத்தாத செவ்வந்தி, ஆளு இருக்காக" என்று சோணையம்மாள் கையைப் பிசைந்தாள்.

செம்பில் வெட்டியிருந்த பெயர் வசந்தகுமாரின் கண்முன் வந்து நின்றது.

"அப்ப அந்த ஃபிரிட்ஜு? வாஷிங் மெஷினு?"

"எல்லாம் எங்க வீட்டுதுதேன். நீங்க வீடு பாக்க வாரீகன்னு சொன்னா, பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு இது கூடச் செய்யாட்டா எப்பிடி?"

வசந்தகுமார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாரீஸ்வரன் ஏணியிலிருந்து குதித்து அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். அவர் குடித்து முடிக்கும்வரை ஓலை விசிறியால் வீசினான்.

"ராமநாதா! வந்ததெல்லாம் இரவலு. அப்பறம் நான் என்னத்தத்தான் எழுத? இந்த வீட்டுல நிரந்தரமா கூடப்போறது என்னதாம்மா?"

செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இது என்ன கேள்வி சம்பந்தி? உங்க மக ஜோதிகாதேன்!"