மச்சான் நிறுத்திய மாத்திரை

பிரேசர் டவுன், பெங்களூர்
14.8.2003

ஆஸ்பத்திரிப் படி ஏறாமலே வைத்தியத்தில் கரைகண்ட என் மைத்துனர் திரு. பால்ராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை மெர்சியின் கணவன் தாஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அதில் உங்கள் பங்கு எதுவும் இல்லை என்பதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

மே மாதம் என் கணையத்துக் கட்டியை எடுத்தபோது, அது ஒட்டிக்கொண்டிருந்த பெரிய ரத்தக் குழாயிலும் ஒரு துண்டை வெட்டிவிட்டு, கழுத்திலிருந்து குழாய் எடுத்து ஒட்டுப்போட்டார்கள். அந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் ரத்தத்தை இளக்கும் மாத்திரை, தினமும் ஒன்று. இது டாக்டர் சேஷகிரிக்குத் தெரிந்த அளவு. பீன்யாவில் முப்பது வருடம் லேத் ஓட்டிய உங்களுக்கு அதைவிட அதிகம் தெரிந்திருந்தது. போன மாதம் வந்தீர்கள், கட்டில் சட்டத்தில் லேசாக இடித்து என் முழங்கையில் நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்தீர்கள், "ரத்தம் தண்ணியாப் போச்சு மாப்பிள, நிறுத்துங்க" என்றீர்கள், காபியைக் குடித்துவிட்டு ஆனேக்கல் பஸ் ஏறிவிட்டீர்கள். நானும் பெரிய மனிதர் பேச்சுக்கு மரியாதை கொடுத்து, மெர்சி கொடுத்த மாத்திரைகளை ஐந்து நாள் ரோஜாத் தொட்டியில் புதைத்தேன்.

ஆறாம் நாள் ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாத்திரை சாப்பிடறீங்களா, இல்லையா?"

"மச்சான் நிறுத்தச் சொன்னாருங்க."

"அவரு எந்த ஆஸ்பத்திரி?"

"பீன்யா, சார். லேத் செக்‌ஷன்."

அப்புறம் என்ன, உடனே ஸ்கேன். வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி, ஒட்டுப்போட்ட குழாயில் ரத்தம் ஓடுகிறதா என்று ஸ்கேன் எடுக்கும் பெண் தேடினாள், தேடினாள், தேடிக்கொண்டே இருந்தாள். மெர்சி என் கட்டைவிரலைப் பிடித்த பிடியில், ரத்தம் கெட்டியாகியிருந்தும் அங்கே நீலம் பாய்ந்துவிட்டது. கடைசியில் அந்தப் பெண், "ஓடுது அங்கிள்" என்றாள். நல்லவேளை நீங்கள் அங்கே இல்லை, ஓடுகிற ரத்தத்தையும் நிற்கச் சொல்லியிருப்பீர்கள்.

மாத்திரை மறுபடி வேலை செய்யும்வரை வயிற்றில் தினமும் இரண்டு ஊசி. போடுவது உங்கள் தங்கைதான். இரக்கம் பெயரில் மட்டும்தான். ஒவ்வொரு தடவையும், "இது எங்க அண்ணனுக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு என் வயிற்றில் குத்துகிறாள். குற்றம் உங்களுடையது, வயிறு என்னுடையது.

உங்கள் இல்லத்தாருக்கு எல்லாச் சுகத்தையும், உங்களுக்கு மட்டும் கூடுதலாக வாய்க்கு ஒரு பூட்டையும் கர்த்தர் அருளுவாராக.

இப்படிக்கு,
துளைகள் நிறைந்த
தாஸ்

பின்குறிப்பு: மேலே உள்ளதை மெர்சி படித்துப் பார்த்துத் திருப்தியாகக் கொடுத்தனுப்பினாள். இதைத் தபாலாபீசில் நின்றுகொண்டு எழுதுகிறேன். "டாக்டரைக் கேட்டு நிறுத்துங்க" என்றுதான் நீங்கள் சொன்னீர்கள், மச்சான். முதல் இரண்டு சொற்களை விழுங்கியது நான். அந்த நீலத்தைப் பார்த்ததும், உள்ளேயும் எங்கேயோ இப்படிக் கசிந்து செத்துவிடுவேன் என்று பயந்துபோனேன். அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். திட்டுவாள். எனக்காகக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.