சுருளில் மாத்திரை வைத்த மைனி

சுசீந்திரம் வட்டாரத்துக் கல்யாண மண்டபங்கள் பயந்து நடுங்குவது இரண்டே இரண்டுக்குத்தான். ஒன்று, முகூர்த்த நேரத்து மழை. இன்னொன்று, மாத்திரை மைனி. மழையாவது இருட்டிக்கொண்டு வரும்.

ஊருக்கே அண்ணி முறையான மைனிக்குத் தொழில் தையல், பதவி தூதர். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிள்ளை பிறப்பது, தலையில் நீர் கோர்ப்பது பற்றியெல்லாம் ஊருக்கு எடுத்துச் சொல்லும் தன்னார்வத் தூதர். கழுத்தில் அட்டை வேறு தொங்கும். "தூதர்னா எந்த நாட்டுக்கு மைனி?" என்று டீக்கடையில் எவனாவது வம்பிழுத்தால், "உம்ம வீட்டுக்குத்தான். மருமவ வந்தாச்சா?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

அவள் வாதம் எளிது. ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு உண்டாகும் முன்பே தொடங்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தபின் தொடங்கினால், முதுகுத்தண்டு மூடும் நேரம் பெரும்பாலும் தாண்டியிருக்கும். ஆகவே பெண்ணைப் பிடிக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி அல்ல, மணமேடை. இதில் யார் குற்றம் சொல்ல முடியும்? நான் சொன்னேன். என் மூத்த மகள் கல்யாணமாயிற்றே!

மாப்பிள்ளை வீடு ஆரல்வாய்மொழி. சம்பந்தியம்மாள், சாம்பாரில் உப்பு கூடினாலே காற்றாலையாகச் சுற்றுகிறவர். மைனி வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன். "வாங்க, வயிறாரச் சாப்பிடுங்க. மேடையில மட்டும் ஏறப்பிடாது மைனி."

"நான் எதுக்கு ஏறுகேன்? சுருளைக் குடுத்துட்டு ஒடனே எறங்கிருவேன்" என்றாள். ஏறாமல் எப்படி இறங்குவாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சுருள் என்றால், எங்கள் பக்கம் வெற்றிலையில் பணத்தைச் சுருட்டி மணமக்களுக்குக் கொடுப்பது. மைனியின் வெற்றிலையில் பணத்தோடு ஓர் அட்டை மாத்திரையும் இருந்தது. சுருள்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தவர் சம்பந்தியம்மாள். பிரித்தார். போச்சு!

"கல்யாணத்தன்னைக்கே பிள்ளை வேண்டாம்னு மாத்திரை குடுக்கியளா? எங்க வம்சம் வெளங்கண்டாமா?"

நாதஸ்வரம் நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் கிளம்புவதற்குச் செருப்பைத் தேடினார். "இது பிள்ளை நல்லா இருக்கணும்னு போடுகதாக்கும்!" என்று மைனி மைக் இல்லாமலே முழங்க, பந்தியில் இருந்தவர்கள் கையில் போளியோடு எழுந்து வந்துவிட்டார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

மேடைக்குக் கீழே சக்கர நாற்காலியில் இருந்த மைனியின் மகள் செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதுகில் அந்தக் குறையோடு பிறந்தவள். நாகர்கோவிலில் ஓர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அம்மாவின் வாய் அப்படியே அவளுக்கும். "மாமி, பயப்படாதீங்க. என்னைய மாதிரி இன்னொண்ணு வந்திரப்பிடாதுன்னுதான் எங்கம்ம இந்த அலைச்சல் அலையா" என்றாள்.

மைனியின் முகம் மாறிப்போனது. முழக்கம் போய்க் குரல் உடைந்தது.

"யாரு சொன்னா? ஒன்னைய மாதிரி பத்துப் பிள்ளை கெடச்சாலும் கொள்ளாம், சந்தோசந்தான் மக்கா. பெத்த மறுநாளே ஒன்னைய ஆபரேஷனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு வெளிய நின்னேன் பாரு... அந்த நிப்பு எவளுக்கும் வேண்டாம்."

சம்பந்தியம்மாள் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இது சாப்பாட்டுக்கு முன்னாலயா, பொறவா?"

"டாக்டர்ட்ட கேட்டுட்டுத் தொடங்கச் சொல்லுங்க" என்றாள் மைனி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. பதவி ஞாபகம் வந்துவிட்டது.

வரும் தையில் என் இளையவளுக்குக் கல்யாணம். மேடைக்கு ஒரு சாய்வுப் பாதை போட்டுத் தரும்படி மண்டபக்காரரிடம் சொல்லிவிட்டேன். சுருள் கொடுக்க இந்தத் தடவை அம்மாவும் மகளும் சேர்ந்தே ஏறட்டும்.