ஆடி மாதத்தில் வந்த விசா விசாரணை

கல்யாணம் செய்துகொள்வதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. ஆன கல்யாணத்தை சர்க்காருக்குப் புரியவைப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். சந்தேகமிருந்தால், விசா முடிந்த வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்டு பாருங்கள்.

பீட்டர் ஜெர்மனியிலிருந்து மலை சுற்ற வந்தவர். மூன்று மாத விசா. திருவண்ணாமலை தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் விற்றுக்கொண்டிருந்த என்னிடம் தினமும் ஒரு ஸ்டாம்ப் வாங்குவார். (யாருக்கும் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை.) எங்கள் கல்யாணம் நடந்தபோது அவருடைய விசா செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. மனைவி இந்தியப் பெண், அதனால் இங்கேயே இருக்க அனுமதி வேண்டும் என்று வேலூர் போய் மனுப் போட்டோம். விசாவுக்காகச் செய்த பொய்க் கல்யாணமா என்று நேரில் வந்து பார்ப்போம், சேர்ந்து வாழவில்லை என்றால் விமானம் ஏற்றிவிடுவோம் என்றார்கள். வந்து பார்க்கட்டுமே என்று தெம்பாகத் திரும்பினேன்.

ஆடி பிறந்தது. அம்மா கீழ்பென்னாத்தூரிலிருந்து சீர்த்தட்டோடு வந்து இறங்கினாள். புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போகாவிட்டால், இதெல்லாம் ஒரு கல்யாணமா என்று உறவுக்காரர்கள் வாயில் போட்டு மெல்லுவார்களாம். எனக்கும் அதே வீம்பு. உள்ளூர் மாப்பிள்ளையைக் கட்டியவர்களுக்கு நடப்பதெல்லாம் எனக்கும் நடந்தாக வேண்டும். விசாரணை என்று ஒன்று இருப்பதையே மறந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்துக் கிளம்பினேன். (எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த மூளை இது.)

பீட்டரால் இருக்க முடியவில்லை. அம்மா கொல்லையில் களை எடுக்கப் போகும் நேரம் பார்த்து லுங்கியும் முண்டாசுமாக சைக்கிள் மிதித்து வந்துவிடுவார். முண்டாசு கட்டினால் அடையாளம் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை. தெருவே வேடிக்கை பார்த்தது, அம்மாவைத் தவிர. நான் வீடு வீடாகப் போய், யார் கேட்டாலும் அவர் இந்தப் பக்கமே வரவில்லை என்று சொல்லச் சொல்லி எல்லோரையும் தயார் செய்து வைத்தேன்.

ஒரு நாள் முற்பகல் வாசலில் ஜீப் சத்தம், கூடவே அம்மாவின் குரல். பீட்டர் ஒரே பாய்ச்சலில் விதை மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினார். திருவண்ணாமலை வீடு பூட்டியிருக்கவே இங்கே தேடி வந்து, வழியில் வீடு விசாரித்த வேலூர் அதிகாரியை அம்மாவே அழைத்து வந்திருந்தாள்.

மாப்பிள்ளை எங்கே என்று அவர் கேட்டதுதான் தாமதம், அம்மாவுக்குப் பெருமை பொங்கிவிட்டது. "பேருக்குத்தாங்க வெள்ளக்காரரு. ஆடி பொறந்ததுலேர்ந்து எம் பொண்ணு மூஞ்சியக்கூட பாக்கல." அக்கம்பக்கத்தார் முண்டியடித்துக்கொண்டு ஆமாம் போட்டார்கள். எதிர்வீட்டுக்காரி கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவே தயாராக இருந்தாள். நான் கொடுத்த பயிற்சி அப்படி.

அதிகாரி பாவமாக என்னைப் பார்த்தார். "எனக்கு ஆடி தெரியும்மா. டெல்லிக்குத் தெரியாதே. சேந்து வாழ்றாங்களான்னு கேட்டிருக்காங்க. இல்லன்னுதான் எழுதணும்."

பேனா மூடியைத் திறந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் புருஷன் போய்விடுவார். திறந்தால் தெருவுக்கு முன்னால் அம்மாவின் மானம் போய்விடும். வாயைத் திறக்கவில்லை. ஓடிப்போய் மேல் மூட்டையைப் பிடித்து இழுத்தேன்.

தாடியெல்லாம் தூசும் கடலைத் தோலுமாக, வாயில் பாதி மென்ற மல்லாட்டையோடு பீட்டர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"வணக்கம் சார். நேத்தும் வந்தேன்." கொஞ்சம் யோசித்து, உண்மையை முழுசாகச் சொல்லிவிடுவது நல்லது என்று, "முந்தாநேத்தும்" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒரு மாதம்கூடப் பிரிந்திருக்கத் துப்பில்லாத ஜோடி என்று அவர் எழுதினாரோ என்னவோ, விசா வந்துவிட்டது. சந்தோஷத்தில் தபால் ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தேன். அம்மா தீபாவளி வரைக்கும் என்னோடு பேசவில்லை.

ஆடியில் ஜோடியைப் பிரிப்பதே சித்திரை வெயிலில் பிள்ளை பிறந்துவிடக் கூடாது என்றுதான். எங்கள் பெண் நட்ட நடுச் சித்திரையில், கொழுகொழுவென்று பிறந்தாள். குறைமாசக் குழந்தை என்று அம்மா இன்றைக்கும் உறவுக்காரர்களிடம் சாதிக்கிறாள். பீட்டரோ ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வருகிறவர்கள் முன்னால் மகளை இழுத்து நிறுத்தி, "சேந்துதான் வாழ்ந்தோம், சாட்சி பாருங்க" என்கிறார்.