முற்றிப்போன வெளிநாட்டுக்காரர்

உலகில் எத்தனையோ நாடுகள் வெளிநாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுக்கின்றன. ஆனால் அந்த வேலை அவர்களைக் கெடுத்துவிடும் முன்பே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பெருங்கருணை எங்கள் ஜப்பானுக்குத்தான் உண்டு. அதிலும் யாமகாத்தா மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் தனியார் பள்ளி இந்தத் துறையில் சிகரம். அதன் துணைத் தலைமையாசிரியரான நானே இதைச் சொல்வது தற்பெருமை ஆகாது என்று நினைக்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர் ‘நிரந்தரம்’ கேட்கலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. சட்டத்தின் மேல் எங்களுக்கு அபார மரியாதை. மரியாதைக்குரியவர்களை ரொம்ப நெருங்கக் கூடாது அல்லவா? அதனால் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் எவரையும் அந்த ஐந்தாவது வருடத்தின் பக்கமே நாங்கள் விடுவதில்லை. வருடத்துக்கு ஒரு ஒப்பந்தம், நான்காவது வருடக் கடைசியில் ஒரு பூங்கொத்து.

இந்த முறை பூங்கொத்து டங்கனுக்கு. ஸ்காட்லாந்துக்காரர். எங்கள் ஊர்ப் பெண் சிஹோருவைக் கட்டிக்கொண்டவர். கைக்குழந்தை வேறு. மாமனார் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். வேலை நிரந்தரமானால்தான் வங்கி கடன் கொடுக்கும். பாவம், வெள்ளை மனசுக்காரர், அதை எங்களிடமே சொல்லிவிட்டார்.

உடனே ‘பொருத்தப்பாட்டு மதிப்பீட்டுக் கூட்டம்’ கூட்டினோம். தலைமையாசிரியர் ஒனோதெரா கண்களை மூடிக்கொண்டு தலைமை தாங்கினார்.

“டங்கன் சென்செய் மேல ஏதாவது குறை உண்டா?” (‘சென்செய்’ என்றால் எங்கள் மொழியில் வாத்தியார்.)

“பெரிய குறைங்க,” என்றார் ஆங்கிலத் துறைத் தலைவர் குட்சுனா. “போன்ல பேசறப்பகூட குனிஞ்சு குனிஞ்சு வணக்கம் போடறாரு.”

“அட கடவுளே! எதிர்ல ஆள் இல்லாமயா?”

“ஆமாங்க. நேத்து ஒரு வேலை சொன்னேன். ‘ம்ம்ம்... அது கொஞ்சம்...’னு இழுத்து அப்படியே நிறுத்திட்டாரு. முடியாதுன்னு சொல்லவே இல்ல!”

“நம்ம ஆளுங்க மாதிரியேவா?”

“மத்தியான சாப்பாட்டுல நாத்தோ போட்டோம். அந்த நாறுற சோயாவைப் பாத்து மூஞ்சியைச் சுளிப்பாருன்னு பசங்க ஆசையா காத்துக்கிட்டு இருந்தாங்க. இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கித் தின்னுட்டாரு. பிள்ளைங்க முகம் வாடிப்போச்சு.”

ஒனோதெரா கண்களைத் திறந்தார். நிலைமை அவ்வளவு மோசம்.

“பெத்தவங்க ஃபீஸ் கட்டறது வெளிநாட்டுக்காரரைப் பாக்கறதுக்கு. இவரு முத்திப்போயிட்டாரு. இளசா ஒருத்தரை வரவழைங்க.”

பாடம் நடத்துவதில் குறை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அவரிடம் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாயைத் திறந்து பேச ஆரம்பித்திருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் மதிப்பீட்டில் அதற்கெல்லாம் இடமில்லை.

விஷயத்தை அவரிடம் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

“டங்கன் சென்செய், ஒரு பிரிவு உபசார விருந்து வெக்கணும். எப்பவும் நீங்கதானே ஏற்பாடு பண்ணுவீங்க?”

“ஜமாய்ச்சுடலாம் சார். யாரு போறாங்க?”

“நீங்கதான்.”

“சார்... வீடு பாத்து வெச்சிருக்கேன். குழந்தை இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கக் கூடாதா?”

“ம்ம்ம்... அது கொஞ்சம்...” என்று இழுத்தேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. பாருங்கள், புரிந்துவிட்டது! உண்மையான வெளிநாட்டுக்காரராக இருந்தால் ‘கொஞ்சம் என்ன சார்?’ என்று கேட்டிருக்க மாட்டாரா? நேராகப் போய் ஆற்றங்கரை மதுக்கடையில் விருந்துக்கு இடம் பிடித்தார். எனக்குப் பிடிக்கும் என்று பொரித்த கோழியைக் கூடுதலாகவும் சொல்லி வைத்தார்.

பிரியாவிடை விழா உடற்பயிற்சிக் கூடத்தில் அமர்க்களமாக நடந்தது. மாணவர்கள் சார்பில் ஆங்கிலத்தில் நன்றி சொல்ல கொஹாரு என்ற பெண் மேடையேறினாள். குட்சுனா எழுதிக் கொடுத்த உரையை அவள் ஒப்பிக்கவில்லை. எங்களை நேராகப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்:

“இவரை ஏன் அனுப்பறீங்க? இவரு எங்களுக்கு நல்லா சொல்லிக்கொடுக்கலையா? கைக்குழந்தையோட இவரு எங்க போவாரு? பதில் சொல்லுங்க!”

“ஆகா, என்ன உச்சரிப்பு!” என்று ஒனோதெரா பூரித்துப் போனார். “யாராவது மொழிபெயர்த்துச் சொல்லுங்களேன்.”

ஆங்கிலத் துறை மொத்தமும் குனிந்து தன் செருப்பை ஆராய்ந்தது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. டங்கனின் பக்கத்து மேஜை என்னுடையது அல்லவா? ஆனால் துணைத் தலைமையாசிரியர் பதவிக்கென்று ஒரு கண்ணியம் இருக்கிறது.

“அப்ப டங்கன் சென்செய், நீங்களே சொல்லிடுங்க,” என்றார் ஒனோதெரா.

பூங்கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டங்கன் மைக்கை வாங்கினார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். பின்வரிசையில் குழந்தையோடு நின்ற சிஹோருவைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார்.

“பள்ளிக்கூடம் என்மேல காட்டின அன்புக்கு, மாணவர்கள் மனசார நன்றி சொல்றாங்க,” என்றார் சுத்தமான ஜப்பானிய மொழியில்.

கூடமே அதிரக் கைதட்டினோம். “நான் அப்படிச் சொல்லவே இல்ல சார்!” என்று கொஹாரு அழுதுகொண்டே கத்தியது அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனது.

ஒனோதெரா கைதட்டியபடியே என் காதருகில் குனிந்தார்.

“பாத்தீங்களா? பொய்யைக்கூட நம்மள மாதிரியே சொல்றாரு. இவரைப் போய் வெளிநாட்டுக்காரர்னு எப்படிங்க வெச்சுக்கறது?”