அட்டைப்பெட்டி ரயில்காரர்

திருச்சியில் ரயில்காரர்கள் பலவகை. ரயிலை ஓட்டுகிறவர் ஒரு வகை. பொன்மலையில் அதைப் பழுது பார்க்கிறவர் ஒரு வகை. ஜங்ஷனில் அதற்காகக் காத்திருந்தே பாதி ஆயுளைக் கரைத்தவர் இன்னொரு வகை. இவர்களால் ஊருக்குக் கெடுதல் இல்லை, விட்டுவிடுவோம். நான் காட்டப்போவது நான்காம் இனம். ரயிலை அட்டைப்பெட்டியில் வைத்து, பெட்டியை ராக்கில் வைத்து, ராக் இருக்கும் அறையையும் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருப்பவர். தன்னை அவர் 'ரயில் மாடலர்' என்று சொல்லிக்கொள்வார். அவர் செய்த ரயிலை யாரும் பார்த்ததில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து கூரியரில் ஒரு பெட்டி வரும். உள்ளே ஒரு ரயில் எஞ்சின் துண்டு துண்டாக இருக்கும்: விரல்நுனி அளவு சக்கரம், நகத்தளவு கதவு, புகைபோக்கி, கூரை. வெட்டி, ராவி, ஒட்டி, பெயின்ட் அடித்தால் உள்ளங்கையில் நிற்கும் எஞ்சின் ஒன்று கிடைக்கும். இதைத்தான் கிட் என்கிறார்கள். நல்ல பொழுதுபோக்கு. செய்கிறவர்கள் செய்யட்டும், அவர்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. நம் ஆள் செய்யமாட்டார். ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

"ரெஃபரன்ஸ் பத்தலீங்க."

இந்த இனத்தின் குரல் இதுதான். எஞ்சினின் பக்கவாட்டில் எத்தனை ரிவெட் ஆணி என்று தெரிய ஒரு புத்தகம் வாங்குவார். அதில் நாற்பத்திரண்டு என்று இருக்கும். அது சரியா என்று பார்க்க இரண்டாவது புத்தகம் வாங்குவார். அதில் நாற்பத்து நாலு. இரண்டில் எது பொய் என்று தெரிந்துகொள்ள, இரண்டையும் திட்டி எழுதிய மூன்றாவது புத்தகத்தைத் தேடிப் பிடித்து வரவழைப்பார். அதற்குள் அதே எஞ்சினுக்குப் புதிய கிட் வந்துவிடும், அதையும் வாங்குவார், அதற்கான புத்தகத்தையும் வாங்குவார். பசை டப்பா மட்டும் காய்ந்துபோகும். புதிதாக ஒன்று வாங்குவார்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். "நேத்துதாங்க ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ்ல வந்தேன், அப்பாவுக்கு ரொம்ப முடியல" என்று நீங்கள் கலங்கிப்போய்ச் சொல்லுங்கள். "அப்படியா, எந்த எஞ்சின் இழுத்துச்சு?" என்று கேட்கிறவர் இவர்தான்.

எங்கள் தெருவில் இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி ஒன்று இருக்கிறது. பெயர் சித்தார்த்தன். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் சொந்த வீடு. கீழே ஹால், சமையலறை, ஒரே ஒரு அறை, படுக்கையெல்லாம் மாடியில். கீழே இருக்கும் அந்த ஒரே அறையில்தான் இருநூற்றுப் பதினாலு கிட்டுகளும், எதிர்ச்சுவர் முழுக்கப் புத்தகங்களும் குடியிருக்கின்றன. மாதம் ஒருமுறை ஒரு பெட்டியை இறக்குவார், மூடியை அரை அங்குலம் தூக்குவார், மோந்து பார்ப்பார், மூடி வைப்பார்.

இவ்வளவும் எதற்கு? ஸ்ரீரங்கத்திலிருந்து முசிறி வழியாகத் தொட்டியம் போகும் மீட்டர்கேஜ் பாதையை அப்படியே சின்னதாகச் செய்யப்போகிறாராம். அப்படி ஒரு பாதை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முசிறிக்காரர்கள் இன்றைக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனால் சித்தார்த்தனிடம் அந்தப் பாதைக்குக் கால அட்டவணை இருக்கிறது. வாழைத்தார் ஏற்றும் கூட்ஸுக்குத் தனி நேரம் இருக்கிறது. அது தொட்டியத்துக்கு என்றைக்கெல்லாம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்றும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இல்லாத ரயில், அதுவும் லேட்!

செய்யாதவருக்குச் செய்கிறவரைக் கண்டால் ஆகாது. பாலக்கரையில் இம்தியாஸ் என்று ஒருவர், ஏசி மெக்கானிக். பழைய கதவுப் பலகையில் தண்டவாளம் போட்டு, கையில் கிடைத்த கிட்டையெல்லாம் ஒட்டி ஓடவிடுகிறார். அவர் வீட்டுக்கு ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார் சித்தார்த்தன். ரயில் ஓடியது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. சித்தார்த்தன் குனிந்து பார்த்துவிட்டு, யாரோ சோற்றில் மண் அள்ளிப் போட்டதுபோல முகத்தைச் சுளித்தார்.

"என்ன இம்தியாஸ், எழுபத்தாறையும் எண்பத்தேழையும் கலந்து வச்சிருக்கீங்க?"

சில கிட்டுகள் அசலில் எழுபத்தாறில் ஒரு பங்கு அளவில் வருமாம். சில எண்பத்தேழில் ஒரு பங்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று கொஞ்சம் ஊதிப்போய்த் தெரியும். அது மகாபாவம்.

"ஓடுது பாருங்க சார், அது போதும்" என்று சிரித்தார் இம்தியாஸ். சித்தார்த்தன் அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. "அளவு தெரியாதவன்கிட்ட என்ன பேச்சு?" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தார்.

சித்தார்த்தனுக்கு ஒரு மனைவி இருக்கிறார் என்பதை இவ்வளவு தாமதமாகச் சொல்கிறேன். அந்த வீட்டிலும் அவருக்கு அதே கடைசி இடம்தான். வேணியம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துபோய், தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவானது. ஆறு வாரம் மாடிப்படியை நினைத்தே பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஏங்க, கீழ் ரூமைக் கொஞ்சம் ஒழிச்சுக் குடுங்க. ஆறு வாரம்தானே?"

"பெட்டியெல்லாம் வரிசையில இருக்கு வேணி. எடுத்தா மறுபடி அடுக்க ஒரு வருஷம் ஆகும். நீ கவலைப்படாதே, பெட்டியும் இருக்கும் நீயும் இருக்கலாம், நான் பிளான் போடறேன்."

போட்டார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து நாளும் மேஜையை விட்டு எழுந்திருக்காமல், முப்பது வருடத்தில் முதல்முறையாகப் பசை டப்பாவைத் திறந்து, ஒரு மாடலைச் செய்து முடித்தார். என்ன மாடல்? அந்த அறையேதான்! அட்டையில் நாலு சுவர், இரண்டு பக்கமும் ராக், ஒரு ராக்கை ஒட்டிக் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் புடவை கட்டிய முக்கால் அங்குலப் பொம்மை ஒன்று, அதன் கையில் ஊசிக்கம்பியில் வளைத்த வாக்கர். பொம்மை நடக்கத் தாராளமாக வழி இருந்தது. ஏறக்குறைய மூன்றடி என்றார். அதை ஒரு ஸ்வீட் டப்பாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டவும் காட்டினார்.

வீட்டுக்கு வரும் நாள். மாடியிலிருந்து கட்டிலை இறக்கியவர்களில் நானும் ஒருவன். அறைக்குள் போட்டுவிட்டு ராக்குக்கும் கட்டிலுக்கும் நடுவில் நுழையப் பார்த்தேன், தொந்தி சிக்கியது.

"சார், இடிக்குதே."

"இடிக்காது. மாடல்ல பாருங்க, எவ்வளவு இடம் இருக்கு!"

எதிரே அறை இருக்கிறது. அறையைப் பார்க்காமல் அட்டையைப் பார்க்கச் சொல்கிற மனிதனை என்ன செய்வது? அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது.

வேணியம்மா இறங்கினார். கூடவே வஹீதா, நடைப்பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண். வாசலிலிருந்து அறைக்கதவு வரை பதினைந்து அடி. வியர்த்து, பல்லைக் கடித்து, வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து வந்து சேர்ந்தார். கதவு தாண்டி வாக்கர் கட்டிலில் முட்டி நின்றது. திருப்பி வைத்தார்கள், ராக்கில் முட்டியது.

"நுழையாதும்மா. பக்கவாட்டுல நடக்கவே கூடாது, தையல் பிரிஞ்சிடும்" என்றாள் வஹீதா.

சித்தார்த்தன் அளவுகோலை எடுத்துக்கொண்டு மாடலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, நான் நிக்கிறேன்."

"ஒரு நிமிஷம் வேணி, எங்க தப்புன்னு பார்த்துடறேன்."

அவர் அளவுகோலில் ஒரு விளிம்பு எழுபத்தாறுக்கு, மறு விளிம்பு எண்பத்தேழுக்கு. ராக்கையும் கட்டிலையும் வாக்கரையும் பொம்மையையும் எண்பத்தேழில் செய்தவர், சுவரை மட்டும் அளவுகோலைத் திருப்பிப் பிடித்து எழுபத்தாறில் வெட்டியிருக்கிறார். அட்டையில் அறை ஊதிவிட்டது. ஒன்பதடி அறை பத்தடிக்கு மேல் ஆகி, ஒன்றரை அடி வழி மூன்றடியாகத் தெரிந்திருக்கிறது. அவர் முகம் வெளுத்தது. எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். மனைவியை நினைத்துத்தான் கலங்குகிறார் என்று நினைத்தேன்.

"சார், கலந்துட்டேன். இம்தியாஸுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

கையை உதறினேன். வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. "ஒரு ராக்கை வெளியில எடுத்துப் போடுங்க, இப்பவே!" என்று கத்தினேன். "வரிசை கலைஞ்சிடுமே" என்றார் அந்த மனிதர்.

"கலைக்க வேணாங்க" என்றார் வேணியம்மா. அந்த அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. "கட்டிலை ஹால்லயே போட்டுடுங்க. அந்த அட்டை ரூம்ல இருக்கறவ நல்லா நடக்கறா. இவர் அவளோடயே குடித்தனம் பண்ணட்டும்."

ஆறு வாரமும் வேணியம்மா ஹாலில்தான் கிடந்தார். பால்காரர், கூரியர்காரர், கேபிள்காரர் எல்லோரும் பார்க்க, தெருவாசலுக்கு நேரே. வந்த கூரியரில் ஒன்று, அளவுகளைப் பற்றிய புதிய புத்தகம். "இந்தத் தப்பு இனிமே நடக்காதுங்க" என்று பெருமையாக என்னிடம் காட்டினார் சித்தார்த்தன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ரயில் கிடையாது, தெரியும். இன்னும் ஒரு சாமான் வந்ததும், இன்னும் ஒரு விவரம் கிடைத்ததும் தொடங்கிவிடலாம் என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருப்பது வேறு ஏதோ. அது இருக்கட்டும். இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து யாரோ உங்களை இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது. அது காதில் விழுந்தும் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்களே, எழுந்துபோய் என்னவென்று கேளுங்கள்.