உள்ளடக்கம் இல்லை, எடை இரண்டு கிலோ

இயக்குநர் அவர்கள் இரண்டே மாதத்தில் எட்டுக் கிலோ இளைத்தார். ஒரு மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் இளைப்பது அவருடைய சொந்த விஷயம் என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். நிர்வாகம் அப்படி நினைக்கவில்லை. தலைவர் இளைத்த பிறகு நிலையம் மட்டும் பழையபடி இருப்பது மரியாதைக் குறைவு என்று கருதி, திங்கட்கிழமை முதல் இது "கொழுப்பில்லா வளாகம்" என்று சுற்றறிக்கை விட்டது. உணவகத்தில் வெண்ணெய் போயிற்று. கதவுக் கீலுக்கு விடும் எண்ணெயும் போயிற்று. இயக்குநர் அறைக் கதவு கிறீச்சிடும்போதெல்லாம் ஊழியர்கள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

இதில் வகையாக மாட்டிக்கொண்டவள் துகளம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மூன்றாவது மாடியில் பதினொரு வருஷமாக மருந்துத் துகள் செய்கிறவள் என்பதால் வாசல் காவலாளி முதல் எல்லோருக்கும் அவள் துகளம்மாதான். வேலை சொல்வதற்கு எளிது. மெழுகு மாதிரி இறுகிய கொழுப்பை எழுபது டிகிரியில் உருக்க வேண்டும். மருந்துப் பொடியை அதில் கலந்து, அதே சூட்டில் இருக்கும் தண்ணீரில் ஊற்றி, கலக்கும் இயந்திரத்தை வேகமாக ஓடவிட வேண்டும். கொழுப்பு பொடிப்பொடித் துளிகளாக உடையும். சட்டென்று குளிரவைத்தால் ஒவ்வொரு துளியும் மருந்தை வயிற்றில் வைத்துக்கொண்டு இறுகிவிடும். நாக்குக்குக் கசப்பே தெரியாது. உள்ளே போன பிறகு மருந்து மெதுவாக வெளியே வரும்.

இந்தத் தடவை செய்ய வேண்டியது வலிப்பு மருந்து. குழந்தைகள் மருத்துவமனையில் பன்னிரண்டு பிள்ளைகள் அதற்காகக் காத்திருந்தார்கள். அதில் ஒருத்தி துகளம்மாவின் தங்கை மகள், ஆறு வயது. கசப்பு மருந்தைக் கொடுத்தால் பாதியைத் துப்பிவிடுவாள். துப்பிய அன்று வலிப்பு வரும். வெள்ளிக்கிழமைக்குள் துகள் வந்துவிடும் என்று துகளம்மா தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு கிலோ கொழுப்பு டப்பா வாசலிலேயே நின்றுவிட்டது.

"உள்ள விட முடியாதும்மா," என்றார் காவலாளி.

"இது திங்கறதுக்கு இல்லீங்க, மருந்துக்கு."

"சுற்றறிக்கையில வாய்னு போடலையே. வளாகம்னுதானே போட்டிருக்கு?"

துகளம்மா நிர்வாக அதிகாரியிடம் ஓடினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்பது அவருடைய பணிகளில் ஒன்று. கேட்ட பிறகு என்ன செய்வது என்பது பணி விதிகளில் இல்லை.

"கொழுப்பு இல்லாம செஞ்சு பாருங்களேன்."

"கொழுப்புத் துகள் சார் அது. கொழுப்பை எடுத்துட்டா வெறும் மருந்துதான் மிஞ்சும்."

"அதுதானே பிள்ளைங்களுக்கு வேணும்?"

"கசக்கும் சார். துப்பிடுவாங்க."

"துப்பக் கூடாதுன்னு ஒரு சுற்றறிக்கை விட்டுடலாமா?"

புதன்கிழமை குழு கூடியது. விதியைப் பிரித்துப் பார்த்ததில், "கொழுப்பு என்பது கண்ணுக்குப் புலப்படும் கொழுப்பைக் குறிக்கும்" என்று இருந்தது. யாருடைய கண்ணுக்கு என்று இல்லை. மூன்று மணி நேர விவாதத்துக்குப் பின் அலுவலகக் கண்காணிப்பாளரின் வலது கண், நிலையத்தின் அதிகாரபூர்வக் கண்ணாக நியமிக்கப்பட்டது. இடது கண்ணில் புரை இருந்ததால் அது மேல்முறையீட்டுக்கு ஒதுக்கப்பட்டது.

துகளம்மா பழைய துகள் ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நீட்டினாள். வலது கண் உற்றுப் பார்த்தது.

"ஒண்ணுமே தெரியலையே," என்றார் கண்காணிப்பாளர்.

"அப்ப அனுமதி," என்றார் அதிகாரி.

துகளம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "குவிச்சு வெச்சா தெரியும் சார்."

"குவியலைப் பத்தி விதி பேசலை. தெரியாத ஒண்ணும் தெரியாத ஒண்ணும் சேர்ந்தா எப்படிம்மா தெரியும்?"

ஆகவே, துகள் செய்யத் தேவையான கொழுப்பு, துகளாகத்தான் உள்ளே வரலாம் என்று முடிவாயிற்று. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அவளுக்குத் தெரிந்தவர் இருந்தார். அங்கே மருந்தைத் தொட அனுமதி கிடையாது. வெறும் கொழுப்பை மட்டும், கெஞ்சிக் கூத்தாடி, துகளாக்கி வாங்கிவந்தாள். வாசல் சீட்டில் அதிகாரி தம் கையாலேயே எழுதினார்: "உள்ளடக்கம்: இல்லை. எடை: இரண்டு கிலோ." காவலாளி இரண்டு தடவை படித்தார். எல்லாம் சரியாக இருந்ததால் உள்ளே விட்டார்.

ஆனால் மருந்தைக் கலக்க அதை மறுபடி உருக்கியாக வேண்டும். உருக்கினால் கண்ணுக்குத் தெரிந்து தொலைக்குமே! அதற்கும் ஆணை வந்தது. கொழுப்பு தோன்றி மறையும் பதினைந்து நிமிடங்களுக்கும் கண்காணிப்பாளர் சுவரைப் பார்த்திருப்பார். அவரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கடமையோடு பார்த்தார்.

"திரும்பலாமா மேடம்?"

"இன்னும் அஞ்சு நிமிஷம் சார்."

"சுவர்ல ஒரு விரிசல் இருக்கு. எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க."

வெள்ளிக்கிழமை மருந்து போய்ச் சேர்ந்தது, ஒரு மாதத்துக்கு. குழந்தை ஒரு கரண்டித் தண்ணீரில் கலந்ததை மடக்கென்று விழுங்கிவிட்டு, இதுவா மருந்து என்று கேட்டாளாம். அந்த வாரம் வலிப்பு வரவேயில்லை. தங்கை போனில் அழுதாள். துகளம்மாவும் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை நிர்வாக அதிகாரி மூடிய டப்பாவோடு மாடியேறி வந்தார். உள்ளே அரைக் கிலோ வெண்ணெய்.

"இதையும் தெரியாம ஆக்க முடியுமாம்மா?"

அறிவியலுக்கு ஓரவஞ்சனை கிடையாது. முடிந்தது. அன்று மாலை அதிகாரிகள் கொழுப்பில்லா வெண்ணெயைக் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டார்கள். மூன்று வாரத்தில் இயக்குநர் இழந்த எட்டுக் கிலோவும் திரும்பி வந்தது. கொழுப்பே உண்ணாமல் கூடிய எடை என்பதால் அது தசை என்று கோப்பில் பதிவாயிற்று. இருப்பது ஒரே இயந்திரம். வெண்ணெயோடு வருகிறவர்கள் பெருகவே, அதற்கு ஒரு வரிசைப் பதிவேடு போட்டார்கள். அடுத்த மாத மருந்துக்குத் துகளம்மாவுக்குக் கிடைத்த இடம் நாற்பத்தொன்று.

"சார், பன்னிரண்டு குழந்தைங்க!"

"யாரும்மா இல்லேன்னாங்க? வரிசைன்னா எல்லாருக்கும் வரிசைதான். ஆஸ்பத்திரியில இருந்து அவசரம்னு எழுதிக் கேட்டா முன்னால விடலாம். விதியில இடம் இருக்கு."

துகளம்மா மருத்துவமனைக்குப் போன் செய்தாள். ஒரு மணி நேரத்தில் பெரிய டாக்டரின் கடிதம், சிவப்பு முத்திரையோடு வந்தது. "மிக மிக அவசரம். எங்கள் மருத்துவமனையும் கொழுப்பில்லா வளாகமாக அறிவிக்கப்பட்டுவிட்டபடியால், பணியாளர்களுக்குப் பத்துக் கிலோ வெண்ணெய்த் துகள் அனுப்பவும். இடமிருந்தால் மருந்தையும் கூடவே வைக்கவும்." வெண்ணெய் முதலிடத்துக்குப் போயிற்று. மருந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னும் நாலு நாளைக்குத்தான் மருந்து இருக்கு."

"தெரியும்மா. வெண்ணெய் முடியணும்," என்றாள் துகளம்மா. சொல்லும்போதே அவமானத்தில் காது சுட்டது.

தங்கை குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதேக்கா. மருந்து தீர்ந்துட்டா நான்தான் வீட்ல இருந்து பாப்பாவைப் பாத்துக்கணும். எங்க ஆபீஸ் மானேஜர் லீவு தர மாட்டேங்கறாரு. உங்க வெண்ணெய் ஒரு அரைக் கிலோ கிடைச்சா தரேங்கறாரு."

துகளம்மா பதிவேட்டை இழுத்துப் பிரித்தாள். அதற்குள் வரிசை அறுபத்தொன்றைத் தொட்டிருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாற்பத்தொன்றில் இருந்த "வலிப்பு மருந்து" என்பதை அடித்து, "வெண்ணெய், அரைக் கிலோ" என்று எழுதினாள். மருந்தை அறுபத்திரண்டில் சேர்த்தாள்.